மலை இறக்கத்தில் தேனீக்கள்

செங்கோடனுக்கு ஐம்பத்து மூன்று வயது. அவருடைய குரு மரகதம் அம்மாவுக்கு நாற்பத்தொன்று. தன்னைவிடச் சின்னவரைப் போய் அம்மா என்று கூப்பிடுகிறாரே என்று மற்ற டூரிஸ்ட் பஸ் டிரைவர்கள் கேலி பேசுவார்கள். பேசட்டும். அம்மாவிடம் அவர் கேட்டதை அந்த டிரைவர்களிடம் கேட்டிருந்தால் இன்னும் பலமாகச் சிரித்திருப்பார்கள்.

அவர் கேட்டது ஒரே கேள்விதான். ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று நாள் யாத்திரை முடிந்து மலைக்கோயிலிலிருந்து கிளம்பிய அன்று காலையும் டீக்கடையில் வைத்துக் கேட்டார்.

"மலை எறங்குறப்போ வயிறு கலங்குதுங்கம்மா. இருபத்தெட்டு வருசமா ஓட்டுறேன், ஒரு கீறல் விழுந்ததில்ல. ஆனாலும் பயம் போக மாட்டேங்குது. எப்பத்தானுங்க போகும்?"

"டீ ஆறுது. குடிங்க," என்றார் அம்மா.

செங்கோடன் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். அம்மாவின் மடத்து ஆட்கள் முப்பத்து நான்கு பேர் வந்திருந்த ஏசி பஸ் மூன்று நாளாக ஒரு மரத்தடியில் நின்றிருந்தது. முன்சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். அடுத்தது சாம்பிராணி. மற்ற டிரைவர்கள் முன்கண்ணாடிக்கு ஒரு சுற்று காட்டுவதோடு சரி. இவருக்குப் பயம் அதிகம், அதனால் புகையும் அதிகம். கதவைச் சாத்திக்கொண்டு, கடைசி சீட்டிலிருந்து முன் சீட்டு வரை, ஒவ்வொரு சீட்டுக்கும் மேலே இருந்த ஏசி ஓட்டையிலும் தூபக்காலை உயர்த்திக் காட்டினார். பஸ்ஸுக்குள் ஆள் முகம் தெரியவில்லை.

கூரைமேல் இருந்த ஏசிப் பெட்டிக்குள் அந்த மூன்று நாளில் ஒரு தேனீக் கூட்டம் குடியேறியிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? அவை பாட்டுக்கு இருந்தன. புகை எட்டியதும் கலைய ஆரம்பித்தன.

ஐந்தாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும், புழுக்கமாக இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். செங்கோடன் ஏசியைப் போட்டார்.

முதலில் ஒன்று வந்தது. முன்கண்ணாடியில் முட்டி முட்டி ஊர்ந்தது. செங்கோடன் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அப்புறம் பின்னால் ஓர் அலறல் கேட்டது. தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் பார்த்தார். மேலே இருந்த ஓட்டைகளிலிருந்து தேனீக்கள் கொத்துக் கொத்தாக விழுந்துகொண்டிருந்தன.

"வண்டிய நிறுத்துங்க! கதவத் தொறங்க!"

ஏசி பஸ்ஸின் ஜன்னல்கள் திறக்காதவை. இருப்பது ஒரு கதவு. அந்தக் கதவுப் பக்கம்தான் பள்ளம். இங்கே நிறுத்தித் திறந்தால் எல்லோரும் முண்டியடித்து நேராக அதற்குள்தான் போய் விழுவார்கள். பின்னால் மர லாரி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. செங்கோடன் வாழ்நாளில் இப்படிப் பயந்ததில்லை.

மரகதம் அம்மா எழுந்து வந்து, டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன சீட்டில் உட்கார்ந்தார்.

ஒரு தேனீ செங்கோடனின் வலது மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. அதைத் தட்டிவிட இடது கை தானாக ஸ்டியரிங்கை விட்டு எழுந்தது.

"கையை எடுக்காதீங்க," என்றார் அம்மா.

"கொட்டிருமுங்கம்மா."

"கொட்டும்."

கொட்டியது. கண்ணில் நீர் முட்டியது. அதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டது. இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார்.

"கை கிடுகிடுன்னு நடுங்குதுங்கம்மா."

"கால்?"

செங்கோடன் பிரேக்கை மெல்ல மிதித்துப் பார்த்தார். "கால் சொன்னபடி கேக்குதுங்க."

"சரி."

மூன்று வளைவு தாண்டி, சாலை கொஞ்சம் அகன்ற இடத்தில் பஸ் நின்றது. கதவு திறந்ததும் ஜனங்கள் தலையில் துண்டையும் முந்தானையையும் போட்டுக்கொண்டு இறங்கி ஓடினார்கள். தேனீக்களும் மெல்ல மெல்ல வெளியேறி மரங்களுக்குள் போயின. மர லாரி ஹாரன் அடித்துத் தாண்டிப் போய்விட்டது. போனில் சிக்னல் இல்லை.

செங்கோடன் கடைசியாக இறங்கி ரோட்டோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தார். "இனி என்னால ஆகாதுங்கம்மா. பயம் தெளியட்டும். அப்புறம் எடுக்கறேன்."

"தெளியட்டும். இருக்கலாம்," என்று அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் போனது.

"தெளிஞ்சுதா?"

"இல்லீங்க."

"சரி."

அப்போது பஸ்ஸுக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார்கள். கூட வந்தவர்களில் பூவாத்தாள் என்ற பெண்ணுக்குக் கழுத்திலும் உதட்டிலும் நாலைந்து இடத்தில் கொட்டியிருந்தது. முகம் வீங்கிக் கண் மூடிப்போயிருந்தது. இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் விசில் மாதிரி சத்தம் போட்டது. ஆஸ்பத்திரி அடிவாரத்தில். நடுவில் இன்னும் பதினெட்டு வளைவு.

அம்மா செங்கோடனைப் பார்த்தார்.

செங்கோடன் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவங்கள முன் சீட்டுல ஒக்கார வைங்க. எல்லாரும் ஏறுங்க."

"உள்ள இன்னும் பூச்சி இருக்குதுங்க," என்று ஒருவர் பின்வாங்கினார்.

"இருக்குது. ஏறுங்க."

படியில் கால் வைத்தவரிடம் அம்மா கேட்டார். "தெளிஞ்சுதா?"

"அதப் பாக்க இப்ப நேரமில்லீங்கம்மா."

அம்மா ஏறி, அதே சின்ன சீட்டில் உட்கார்ந்தார்.

பதினெட்டு வளைவு. முன்கண்ணாடியில் இரண்டு தேனீக்கள் ஊர்ந்துகொண்டே வந்தன. பின்னால் பூவாத்தாளின் மூச்சு இழுத்தது. இழுத்தபோது பயமாக இருந்தது. ஒரு வளைவில் சத்தமே கேட்காமல் போனது, அது அதைவிடப் பயமாக இருந்தது. திரும்பிப் பார்க்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார். மறுபடி மூச்சு இழுத்தது. வீங்கிய மணிக்கட்டு ஸ்டியரிங்கில் உரசி எரிந்தது.

ஆஸ்பத்திரியில் இறக்கிய உடனே ஊசி போட்டார்கள். அரை மணி நேரத்தில் பூவாத்தாளுக்கு மூச்சு சீரானது. தண்ணீர் கேட்டுக் குடித்தாள். மற்றவர்களுக்கும் வரிசையாக மருந்து தடவினார்கள். நர்ஸ் செங்கோடன் கையிலிருந்த கொடுக்கைச் சுரண்டி எடுத்தார்.

வாசல் பெஞ்சில் மரகதம் அம்மா உட்கார்ந்திருந்தார். செங்கோடன் போய் எதிரில் நின்றார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"கீழ வந்து சேர்ற வரைக்கும் பயந்துக்கிட்டேதானுங்கம்மா ஓட்டுனேன். துளிகூடத் தெளியல."

"தெரியும்," என்றார் அம்மா. "நானும் பயந்துக்கிட்டேதான் பக்கத்துல உக்காந்திருந்தேன்."