நெருஞ்சி பிடுங்கிய முற்றம்

இருட்டியதும் அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. சுவரோரம் யாரோ காலை இழுத்து இழுத்து நடப்பதுபோல், சர்... சர்...

யசிந்தா கைப்பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

பிள்ளையைத் தூக்கிவிடுவோம் என்று மாமியார் வீட்டார் சொல்லியனுப்பியிருந்தார்கள். அதற்குப் பயந்துதான் தேரிக்காட்டுச் செம்மணலில் தனியே தவமிருக்கும் செங்கோலியிடம் சிஷ்யையாக வந்து சேர்ந்திருந்தாள்.

இங்கேயோ கதவை முழுசாகச் சாத்த முடியவில்லை. எத்தனை தடவை வாரி இறைத்தாலும் நிலைப்படியில் மணல் ஏறிவிடுகிறது. தாழ்ப்பாள் துளைக்கு எட்டவில்லை.

"அக்கா, வெளியே ஆள் நடமாடுது."

"பேரு கேட்டியா?"

"விளையாடாதீங்க. தாழ்ப்பாள் விழ ஒரு வழி சொல்லுங்க. இல்லேன்னா விடியவும் கிளம்பிடுவேன்."

செங்கோலி அரிக்கேன் விளக்கோடு வெளியே போனாள். போகாதீங்க என்று யசிந்தா கெஞ்சியது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"ஏட்டி, இங்க வா."

முற்றத்தில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. காற்று அடித்தது. மணல் எழும்பி, சுவரை உரசிக்கொண்டே போய், சர்ரென்று நிலைப்படியில் இறங்கியது.

"நான் வந்த புதுசுல இந்தச் சத்தம் இல்லையே அக்கா."

"இல்லை. அப்போ இங்க என்ன இருந்தது?"

யசிந்தா தலைகுனிந்தாள். அப்போது முற்றத்து மணலை மூடிப் பாய் விரித்ததுபோல் நெருஞ்சி கிடந்தது, மஞ்சள் பூவும் முள்ளுமாக. பிள்ளை தவழப்போகிறானே என்று வந்த வாரமே ஒரு செடி விடாமல் பிடுங்கினாள். உதிர்ந்த முள்ளையெல்லாம் கூட்டிச் சாக்கில் கட்டினாள். கான்வென்ட் சுத்தம் என்று செங்கோலி அன்று சிரித்ததோடு சரி.

இப்போது செங்கோலி அந்தச் சாக்கை இழுத்து வந்து அவிழ்த்தாள். விதை பொதிந்த நெருஞ்சி முள்ளைக் கைகொள்ளாமல் அள்ளி முற்றத்தில் வீசினாள்.

"அக்கா, பிள்ளை தவழுவானே."

"தவழட்டும்."

"குத்துமே."

"குத்தும்."

யசிந்தா நிலைப்படியில் ஏறிக்கிடந்த மணலைப் பார்த்தாள். பிறகு பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு தானும் சாக்குக்குள் கைவிட்டாள்.

ஐப்பசியில் மழை விழுந்தது. கார்த்திகையில் முற்றம் மஞ்சளாகப் பூத்தது.

ஒருநாள் பொழுதடையும் நேரம். முழங்காலில் முள் ஏறிப் பிள்ளை வீரிட்டான். யசிந்தா அவனை மடியில் போட்டு, விளக்கடியில் முள்ளை எடுத்து, எச்சில் தொட்டுத் தடவினாள். விக்கி விக்கி அப்படியே தூங்கிப்போனான்.

காற்று அடித்தது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு எழுந்துபோய் நிலைப்படியைக் கையால் தடவிப் பார்த்தாள்; மணல் இல்லை. கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் தட்டாமல் போய் விழுந்தது.