அட்மினுக்கு ஒரு வேஷம்

வாட்ஸ்அப் குழுவில் ஞாயிறுதோறும் ஒரு விளையாட்டு. ஆளுக்கொரு கற்பனைப் படம். முறை வைத்து நடிகர்களைப் பொறுக்க வேண்டும். ஒருவர் எடுத்த ஆளை இன்னொருவர் தொடக்கூடாது.

முதல் முறை எப்போதும் அட்மின் தணிகாசலத்துக்கு. கடைசி முறை எப்போதும் ஜவுளிக்கடை அம்சவேணிக்கு. ஏன் என்று கேட்டால், "அட்மின் நான்தானேம்மா" என்பார். என்ன அநியாயம் இது!

ஒரு ஞாயிறு, முறையில் எடுக்காமலே தன் படத்துக்கு இயக்குநர் என்று தன் பேரைப் போட்டுக்கொண்ட தணிகாசலம், சொந்த மச்சானையே போலீஸ் வேஷத்துக்கு எடுத்தார்.

"அவர் நடிகரே இல்லையே சார்?" என்றாள் அம்சவேணி.

"உயிரோட இருக்கிற யாரையும் எடுக்கலாம். நடிக்க எடுத்த ஆள் வேற படத்துல எந்த வேலையும் செய்யக்கூடாது. இதுதான் ரூல்!"

அவள் முறை வருவதற்குள் சொல்லிக்கொள்ளும்படி ஒரு நடிகரும் மிச்சமில்லை.

"எல்லாருக்கும் தெரிஞ்ச ஆளா ஒருத்தரைச் சொல்லு. இல்லேன்னா குழுவை விட்டுக் கிளம்பு" என்றார் தணிகாசலம்.

அம்சவேணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பணிவாகவே தட்டினாள்: "எல்லாருக்கும் தெரிஞ்ச ஆள்தான் சார். உங்களையே எடுத்துக்கிறேன்."

அவ்வளவுதான், அவர் படத்துக்கு இயக்குநர் இல்லை!

"அது செல்லாது!" என்று குதித்தார்.

"உங்க ரூல்தானே சார்?" என்று குழுவே திருப்பிக் கேட்டது.

வேறு வழியில்லை. "சரி, எனக்கு என்ன வேஷம்? ஹீரோவா?"

"முதல் சீன்ல கிடக்கிற பிணம் சார்."

அவர் ஆவேசமாக ஏதோ நீளமாகத் தட்ட ஆரம்பித்தார்.

"சார், பிணத்துக்கு வசனம் கிடையாது" என்றாள் அம்சவேணி.