காண்க, காண்க, காண்க

முன்னொரு காலத்திலே, புத்தகங்கள் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த காலத்திலே, ஆற்றின் வடகரையில் ஒரு ராஜா இருந்தார். அவருக்கு எல்லாமறிந்த மகாராஜா என்று பட்டம். அதைக் கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள், அவரேதான். அவருடைய அரண்மனையில் ஒரு நூலகம், நூலகத்தில் மூன்று அறைகள். ஓர் அறையில் பறவைக் களஞ்சியம், ஓர் அறையில் மருந்துக் களஞ்சியம், ஓர் அறையில் மந்திரக் களஞ்சியம். ஆள் உயரத்துக்கு ஓலைப் புத்தகங்கள். யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. அங்கேயே நின்று கேட்க வேண்டும், பதிலோடு திரும்ப வேண்டும். மூன்றையும் எழுதி, மந்திரத்தால் பேச்சும் கொடுத்தவர் மருதவாணப் புலவர்.

அந்த ஆற்றில் பரிசல் ஓட்டிப் பிழைத்தான் ராக்கியண்ணன். அவன் மனைவி பாவாயி. ராக்கியண்ணன் நல்லவன், உழைப்பாளி. ஒரே ஒரு குறை, எதைக் கேட்டாலும் "தெரியாது" என்று சொல்ல அவனுக்கு வாய் வராது.

ஒருநாள் மந்திரவாதி ஒருவன் பரிசலில் ஏறினான். கரை நெருங்கும்போது, இங்கே ஆழம் எவ்வளவு என்று கேட்டான். முழங்கால் அளவுதான் என்றான் ராக்கியண்ணன், கொஞ்சமும் யோசிக்காமல். மந்திரவாதி இறங்கினான். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. மூட்டை நனைந்தது, முடிச்சு நனைந்தது, தாடியும் நனைந்தது.

"அளக்காமலா சொன்னாய்? இனிமேல் நின்று அளந்துகொண்டிரு" என்று கோலை ஓங்கினான். பரிசலில் ராக்கியண்ணன் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கொக்கு நின்றது. மந்திரவாதி போனவன் போனவன்தான்.

பாவாயி ஆற்றங்கரையிலேயே கிடந்தாள். முதல் நாள், "ஏனுங்க" என்று கூப்பிட்டால் கொக்கு ஓடி வந்து அவள் மடியில் தலை வைத்தது. இரண்டாம் நாள் தூரத்தில் நின்று திரும்பிப் பார்த்தது. மூன்றாம் நாள் திரும்பவே இல்லை. பச்சை மீனை முள்ளோடு விழுங்கியது. வலசை வந்த கொக்குகள் அன்றைக்குத்தான் ஊர் திரும்பக் கூடிக்கொண்டிருந்தன. கூட்டத்தோடு இவனும் பறந்துவிட்டால் அப்புறம் எந்தத் தேசத்தில் போய்த் தேடுவது? ஊரார் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லாம் கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிற யோசனைதான். பாவாயி கொக்கை எட்டிப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே நூலகத்துக்கு நடந்தாள்.

பறவைக் களஞ்சியத்திடம் கேட்டாள். அது ஓலையைச் சடசடவென்று புரட்டியது. "கொக்கு தெரியும், நாரை தெரியும். கொக்கான மனிதன் என் துறை இல்லை, அம்மா. காண்க, மருந்துக் களஞ்சியம்."

'காண்க' என்றால், அங்கே போய்ப் பார் என்று அர்த்தம். பாவாயி அடுத்த அறைக்குப் போனாள். மருந்துக் களஞ்சியம் செருமிக்கொண்டது. "காய்ச்சல் தெரியும், கபம் தெரியும். கொக்கான மனிதன் என் துறை இல்லை, அம்மா. காண்க, மந்திரக் களஞ்சியம்."

மூன்றாவது அறைக்கு ஓடினாள். மந்திரக் களஞ்சியம் அவளை மேலும் கீழும் பார்த்தது. "ஏவல் தெரியும், சூனியம் தெரியும். கொக்கான மனிதன் என் துறை இல்லை, அம்மா. காண்க, பறவைக் களஞ்சியம்."

போனாள், வந்தாள். மறுபடி போனாள், மறுபடி வந்தாள். மூன்றாவது சுற்றில் நடு வழியில் நின்றுவிட்டாள். பரிசல்காரன் பெண்டாட்டிக்குச் சுழல் தெரியாதா? சுழலில் சிக்கின பரிசல் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் கரை சேராது.

"காண்க, காண்க, காண்கன்னு மூணு பேரும் சொல்றீங்களே, உங்கள்ல யாராச்சும் கண்டிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

அப்போது அலமாரிக்குப் பின்னாலிருந்து விசும்பல் கேட்டது. எட்டிப் பார்த்தால் மருதவாணப் புலவர், தாடி தரையில் புரள உட்கார்ந்திருக்கிறார். பாவம், முப்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறாராம். களஞ்சியத்தில் 'தெரியாது' என்ற சொல் இருந்தால் எழுதியவன் தலை இருக்காது என்று ராஜா உத்தரவு போட்டிருந்தார். எல்லாம் எழுதி முடித்தபோது ஒரே ஒரு விஷயம், கொக்கான மனிதனை மீட்கிற வழி மட்டும் புலவருக்குத் தெரியவில்லை. மூன்று புத்தகத்தையும் யார் ஒத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று மூன்றிலும் 'காண்க' போட்டுவிட்டார். போட்ட பொய் அவரையே பிடித்துக்கொண்டது. எந்த வாசல் வழியாக வெளியே போனாலும் அடுத்த அறைக்குள்தான் வந்து விழுவார். மற்றவர்களுக்கு வாசல், அவருக்கு மட்டும் வட்டம்.

சாளரத்துக்கு வெளியே கொக்குக் கூட்டம் கத்திக்கொண்டு எழும்பியது. பாவாயியின் கையில் இருந்த கொக்கு சிறகை அடித்துத் திமிறியது.

"ஐயா, உங்க பொய்யில என் புருசன் பறந்து போறாருங்க" என்றாள் பாவாயி.

புலவர் அந்தக் கொக்கைப் பார்த்தார், அதை விடாமல் பிடித்திருந்த கைகளைப் பார்த்தார். "தலை போனால் போகட்டும், அம்மா" என்று எழுந்தார். மூன்று பொய் ஓலையையும் உருவிப் போட்டார். மூன்று புது ஓலை எடுத்து எழுத்தாணியால் எழுதினார்: 'கொக்கான மனிதன். தெரியாது. தெரிந்தவர் சொல்லுக.' கோத்து முடித்ததும் மூன்று புத்தகமும் பெருமூச்சு விட்டன. முப்பது வருஷ மூச்சு அல்லவா? பிறகு முதல்முறையாக அவை கேள்வி கேட்டன.

"உன் கணவர் எப்படி நிற்பார், அம்மா?" என்றது பறவைக் களஞ்சியம்.

"இடது கால்ல பாரம் போட்டுத்தான் நிப்பாருங்க. வலது கால்ல முள்ளுத் தச்ச தழும்பு இருக்குது."

புலவர் எழுதினார். மெய்யை எழுதியதும் கொக்கின் குச்சிக் கால்கள் மறைந்து, தழும்போடு மனிதக் கால்கள் வந்தன.

"என்ன சாப்பிடுவார்?" என்றது மருந்துக் களஞ்சியம்.

"மீனுன்னா உசுரு. ஆனா முள்ளு எடுக்கத் தெரியாதுங்க, நாந்தான் எடுத்து வெப்பேன். நல்ல துண்டை மட்டும் எனக்குன்னு ஒதுக்கி வெச்சிருவாரு."

புலவர் எழுதினார். சிறகுகள் உதிர்ந்து, துடுப்புப் போட்டுக் காய்த்துப்போன இரண்டு கைகள் வந்தன. கொக்குத் தலையோடு ஓர் ஆள் நின்றான். சிரிக்க வேண்டிய கோலம்தான், ஆனால் அங்கே யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நிற்பாரே, என்ன நினைப்பார்?" என்றது மந்திரக் களஞ்சியம்.

ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அவள் கண் நிறைந்துவிட்டது. "தெரியாதுங்க. கட்டிக்கிட்டு வந்து ஒம்பது வருசமாச்சு, நான் கேட்டதே இல்ல" என்றாள். கொக்கின் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, என்னதான் நினைப்பீங்க?"

கொக்கு அவளைப் பார்த்தது. அலகு மெல்லத் திறந்தது.

"ஆழம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது, பாவாயி. இத்தனை வருசமா பரிசல் ஓட்டறேன், தெரியாது. யாராச்சும் கேட்டுருவாங்களோன்னு பயந்துகிட்டே நிப்பேன்."

அலகு உதிர்ந்தது. ராக்கியண்ணன் முகம் வந்தது, கண்ணீரோடு.

"இதைச் சொல்றதுக்கு ஒரு கொக்கு வேணுமாக்கும்" என்று அவன் தோளில் ஒன்று போட்டாள் பாவாயி. போட்ட கையை எடுக்கவில்லை. புலவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினார். அடுத்த அறை வரவில்லை, வெயில் வந்தது.

ராஜாவுக்குச் சேதி போயிற்று. வந்தார், புது ஓலையைப் படித்தார். எல்லாரும் புலவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜா பறவைக் களஞ்சியத்தின் பக்கம் குனிந்து, சின்ன வயதிலிருந்து கேட்க வெட்கப்பட்ட கேள்வியைக் கேட்டார். குயிலுக்கு யார் பாடக் கற்றுக்கொடுத்தது?

"தெரியாது, மகாராஜா. உங்களுக்கு?"

ராஜா சுற்றுமுற்றும் பார்த்தார். "எனக்கும் தெரியாது" என்றார். சொன்னதும் நெஞ்சு லேசாகிச் சிரித்துவிட்டார். அன்றைக்கே பட்டத்தை எடுத்துவிட்டார், புலவருக்குப் பொன்னாடை போர்த்தினார். கொக்கான மனிதன் கதையை மூன்று களஞ்சியத்திலும் முழுசாக எழுத வைத்தார். நூலகத்து வெற்று ஓலைகளில் எழுத மருத்துவச்சி வந்தாள், வேடன் வந்தான், உழவன் வந்தான்.

ராக்கியண்ணன் ஒரு நீளமான மூங்கில் வாங்கினான். ஆழம் கேட்டால், "தெரியாதுங்க, இருங்க" என்று அளந்து சொன்னான். சாயங்காலமானால் பாவாயி அவன் பக்கத்தில் நின்று, என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்பாள். அவனும் சொல்வான்.

குயிலுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்கிறீர்களா? எனக்குத் தெரியாது. தெரிந்தவர் சொல்லுக.