ஊக்கு கேட்ட பிள்ளை

ஒரு கடற்கரை ஊரில் ஒரு கதவு இருந்தது. அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. தள்ளினால் திறந்துவிடும். ஆனால் ஒருவரும் தள்ளவில்லை.

உள்ளே லூர்தம்மாள் படுத்திருந்தாள். அவளுக்கு ஒரு கால் விளங்காது. சனிக்கிழமை சாயங்காலம் மாதா கோவிலிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் அரிசிப் பை கொண்டுவருவார்கள். செய்கிற தர்மம் யார் கண்ணிலும் படக்கூடாது என்று சாமியார் பிரசங்கத்தில் சொல்லியிருந்தார். பிள்ளைகள் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். வாசலில் பையை வைப்பார்கள், கதவைத் தட்டுவார்கள், ஓடி ஒளிவார்கள்.

அன்றைக்கும் அப்படித்தான் ஓடினார்கள்.

"உள்ள யாரு?" என்று பை கேட்டது.

"மெதுவா பேசு," என்றது கதவு. "முன்ன அவ ஒருத்திதான். இப்ப ரெண்டு பேரு."

"இன்னொண்ணு யாரு?"

"தனிமை. பிள்ளைக முதல் தடவை தட்டிட்டு ஓடினப்ப, அவ ஆசையா தவழ்ந்து வந்து என்னைத் திறந்தா. வாசல்ல ஆளில்ல. அது மட்டும் நின்னுச்சு. கூப்பிடாமலே உள்ள வந்துருச்சு."

"நான் பசிக்கு வந்திருக்கேன். அதுகிட்ட எனக்கென்ன பேச்சு?"

உள்ளே சிரிப்புக் கேட்டது. லூர்தம்மாள் சிரிக்கிற மாதிரியேதான். ஆனால் அதில் மூச்சு இல்லை.

"போன வாரத்து அரிசியையே அவ உலையில போடல," என்றது தனிமை. "ஒருத்திக்கு எதுக்கு அடுப்புன்னு நான்தான் சொன்னேன். இப்ப தண்ணி மட்டும்தான். நாளைக்கு அதையும் வேண்டாம்னுருவா."

பை கதவோடு ஒட்டிக்கொண்டது.

அப்போது மணலில் காலடி கேட்டது. ஏழாம் வகுப்புச் சகாயமேரி, அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்தாள்.

"ஏய் லூசு, ஒளிடி!" சுவருக்குப் பின்னாலிருந்து மற்ற பிள்ளைகள் கத்தினார்கள். "பாத்துட்டா புண்ணியம் போயிரும்!"

"போனா போகட்டும். செருப்பு போச்சுன்னா எங்கம்மா கொன்னுரும்."

அவர்கள் மற்ற பைகளோடு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவள் கதவில் வாயை வைத்தாள்.

"அக்கா, இருக்கீங்களா?"

"நல்லாருக்கேன். நீ போ," என்றது தனிமை, லூர்தம்மாள் குரலிலேயே.

"அதில்லக்கா. செருப்பு வார் அறுந்துபோச்சு. ஒரு ஊக்கு இருக்குமா?"

தனிமையிடம் ஊக்கு இல்லை.

உள்ளேயிருந்து இன்னொரு குரல் வந்தது. கரகரவென்று, இருமலோடு.

"இருடி... வளையல்ல ஒண்ணு கெடக்கு. உள்ள வா."

சகாயமேரி கதவைத் தள்ளினாள். சில்லென்று ஏதோ அவள் கையை உரசிக்கொண்டு வெளியே போனது. காற்று என்று நினைத்தாள்.

"என்னக்கா, அடுப்புல பூனை படுத்திருக்கு? பொங்கலையா?"

"பொங்கினா நீ திம்பியா?"

"திம்பேன்."

பை உள்ளே போனது. கதவு மட்டும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த சந்தில் பிள்ளைகள் ஒரு வீட்டைத் தட்டிவிட்டு ஓடுகிற சத்தம் கேட்டது.

தெருவில் நின்றிருந்த தனிமை தலையைத் திருப்பிக் கேட்டது. பிறகு அந்தப் பக்கம் நடந்தது.