முகத்துக்குக் கிடைத்த தள்ளுபடி

வெகு காலத்துக்கு முன்னால் செங்கழனி நாட்டைக் கீர்த்திமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்பதைவிட, மந்திரி குழைக்காதரின் உயிரை வாங்கினார் என்பதுதான் சரி. ரசத்தில் மிளகு தூக்கல் என்று சமையற்காரனை நாடு கடத்துவார், மறுநாள் பசித்ததும், “எங்கே அவன்?” என்று மந்திரியைப் பிடித்துக்கொள்வார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். அரசு வேலையாக வெளியூர் போகிறவர்கள் முத்திரை மோதிரத்தைக் காட்டினால் ஓடத்திலும் விடுதியிலும் பாதிக் காசுதான். திரும்பி வந்ததும் செலவைச் சொல்லிக் கஜானாவில் வாங்கிக்கொள்ளலாம்.

புதிதாகத் தூது வேலைக்கு வந்த வடமலை, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த வல்லூருக்குப் போய்வந்து, கொடுத்த பாதியை மட்டும் கேட்டான். அங்கேதான் வந்தது வினை. அதே வல்லூருக்கு வருஷக்கணக்காகப் போய்வரும் அம்பலவாணர் என்ற பெரிய மனிதர், பாதி கொடுத்துவிட்டு முழுசாய் வாங்கிக்கொண்டிருந்தார். குட்டு உடைந்துவிடுமே! நேரே சபைக்கு ஓடினார்.

“மகாராஜா, இந்தப் பயல் மலிவான இடத்தில் தங்கித் தங்கள் மானத்தையே வாங்கிவிட்டான்!”

“அப்படியா? வேலையைவிட்டுத் துரத்துங்கள் அவனை!”

வடமலைக்கு அழுகையே வந்துவிட்டது. “இவர் தங்குகிற அதே விடுதிதான், மகாராஜா! இந்த வேலையை நம்பித்தான் கல்யாணமே பண்ணிக்கொண்டேன்.”

குழைக்காதர் தலையில் அடித்துக்கொண்டார். “அதே விடுதி, அதே ஓடம். உமக்கு மட்டும் எப்படி ஐயா இரண்டு மடங்கு?”

அம்பலவாணர் அசரவில்லை. “கொடுத்தது பாதிதான். ஆனால் அந்தத் தள்ளுபடி என் முகத்துக்காகக் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது எனக்குத்தானே?”

“நியாயந்தானே!” என்றார் ராஜா. இவரை வைத்துக்கொண்டு என்னதான் செய்ய!

மந்திரி பெருமூச்சு விட்டார். “சரி. மோதிரத்தைக் கழற்றிவிட்டு, சாதாரண வேட்டி துண்டோடு வல்லூர் போய்வாரும். முகத்தைப் பார்த்துப் பாதிக்கு விட்டால் வாங்கினதெல்லாம் உமக்கே. வடமலையும் வேலையைவிட்டுப் போகட்டும். விடாவிட்டால் அத்தனையும் கஜானாவுக்குத் திரும்பி வரணும்.”

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் போதும். அம்பலவாணர் விரலிலிருந்த மோதிரத்தைத் தானே உருவிவிட்டார்.

போனவர் திரும்பியபோது செருப்பு அறுந்திருந்தது. வேட்டியெல்லாம் சேறு.

“என்னய்யா, முகத்துக்கு எவ்வளவு தள்ளினார்கள்?” என்றார் ராஜா.

“அநியாயம், மகாராஜா! ‘யாருய்யா நீ?’ என்கிறான் ஓடக்காரன். அவசரம் என்றதும் இரட்டைக் கூலி பிடுங்கிவிட்டான். விடுதியில் மாட்டுக்கொட்டிலில் படுக்கவைத்தார்கள், அதற்கும் முழுக் காசு! இந்தச் செலவையாவது கஜானாவில்...”

“கஜானாவிலா?” குழைக்காதர் எழுந்தேவிட்டார். “லாபம் முகத்துக்கு என்றால் நஷ்டமும் முகத்துக்குத்தானே? அதையே கேளும்!”

சபை கொல்லென்று சிரித்தது. அம்பலவாணர் வாங்கினதையெல்லாம் கக்கவேண்டியதாயிற்று. அவருடைய மோதிரம் வடமலையின் விரலுக்குப் போனது. மந்திரிக்கு முத்துமாலை. அப்பாடா என்று அவர் உட்காரப் போனார்.

ராஜா தம் விரல் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். “மந்திரியாரே, நான் போனால் என் முகத்துக்கு எவ்வளவு தள்ளுவான் அந்த ஓடக்காரன்?”

குழைக்காதர் பாய்ந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “மகாராஜா, உங்களுக்குப் புண்ணியமாய்ப் போகும். அதை மட்டும் கழற்றிவிடாதீர்கள்!”