பொன்னுரங்கம் கட்டிய கார் ஷெட்

பூவாளிப்பட்டியை வரைபடத்தில் தேட வேண்டாம். வரைபடம் போட வந்தவர்கள் அந்த ஊருக்கு வழி கேட்டது பூவாளிப்பட்டிக்காரர்களிடம்தான். அவர்கள் கைகாட்டிய திசையில் போனவர்கள் இன்னும் போய்க்கொண்டிருப்பதாகக் கேள்வி. மற்றபடி தங்கமான மனிதர்கள். எதைச் சொன்னாலும் சொன்னது சொன்னபடி செய்வார்கள். அதில்தான் வில்லங்கமே.

அந்த ஊரில் மாவு மில் வைத்திருந்தவர் பொன்னுரங்கம். அவருக்கும் அவர் மனைவி செங்கமலத்துக்கும் ஒரே மகள், பொற்கொடி. கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன தடவை வந்தபோது மாப்பிள்ளையின் காரைத் தெருவில் நிறுத்தியிருந்தார்கள். காலையில் பார்த்தால் காரின் கூரைமேல் மூன்று ஆடுகள். முன் கண்ணாடியில் ஒரு தென்னை மட்டை. மாப்பிள்ளை இளஞ்செழியன் காபிகூடக் குடிக்காமல் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதிலிருந்து பொன்னுரங்கம் மில்லில் மிளகாய் அரைக்கும்போது அழுவார். கேட்டால் நெடி என்பார். அரிசி அரைக்கும்போதும் அழுவார்.

சித்திரை பிறந்ததும் மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது.

“மாமா, புதுசா பேட்டரி கார் வாங்கியிருக்கேன். லீவுக்கு வர்றோம். வண்டி நிறுத்த ஒரு ஷெட் இருந்தா பத்து நாள் தங்குறோம். இல்லேன்னா அன்னைக்கே திரும்பிடுவோம். நீங்க கோவிச்சுக்கக் கூடாது.”

“ஷெட்டுதானே மாப்பிள்ளை? எப்படின்னு சொல்லுங்க. அப்படியே கட்டிடுறோம்.”

மாப்பிள்ளை படித்தவர். விளக்கமாகவே சொன்னார். “தரையில மழைத் தண்ணி தேங்கக் கூடாது மாமா, வெளிப்பக்கமா சரிவு கொடுங்க. இரும்புக் குழாய்ல சட்டம் போட்டு, சுத்தித் தகரம் அடிங்க. வண்டி உள்ள நிக்கிறதா நினைச்சுக்கிட்டு வேலை செய்யுங்க. அப்பத்தான் ரெண்டு பக்கமும் கதவு திறக்க இடம் இருக்கான்னு தெரியும். தூணுக்குக் கான்கிரீட் போடுறது, ஷட்டர் வைக்கிறது, இது ரெண்டும் மட்டும் நான் வந்தப்புறம் வெச்சுக்கலாம்.”

பொன்னுரங்கம் ஒரு வரி விடாமல் காலண்டர் தாளின் பின்னால் எழுதிக்கொண்டு ஆட்களைக் கூட்டினார். கொத்தனார் வேம்பையன் வந்தான். வெல்டிங் கடைக் குஞ்சிதபாதம் வந்தான். செங்கமலத்தின் தம்பி ஏகாம்பரம் கூப்பிடாமலே வந்தார். ஊரில் அறிவாளி என்று பெயர் எடுத்தவர் அவர். மூக்குக் கண்ணாடி போட்டதால் வந்த பெயர். அதன் கண்ணாடிகள் கீழே விழுந்து பல வருஷமாகிறது. ஃபிரேம் இருக்கிறது, பெயரும் இருக்கிறது.

முதலில் தரை வேலை. வேம்பையன் கரண்டியும் கையுமாக வடக்குப் பக்கம் நின்றான்.

“வெளிப்பக்கம்னா எந்தப் பக்கம்ணே?”

“நீ நிக்கிறியே, அதுதான்டா வெளிப்பக்கம்,” என்றார் பொன்னுரங்கம்.

“குஞ்சிதபாதம் தெக்கால நிக்கிறான். அவனும் வெளியிலதானே நிக்கிறான்?”

அது நியாயமான கேள்வி என்று எல்லோருக்கும் பட்டது. ஏகாம்பரம் நான்கு பக்கமும் போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். “அத்தான், நாலு பக்கமும் வெளிப்பக்கமாத்தான் இருக்கு. மாப்பிள்ளை வேலையைக் கொஞ்சம் பெருசாத்தான் சொல்லியிருக்காரு.”

நான்கு பக்கமும் சரிவு கொடுத்தார்கள். முடிந்தபோது தரை நடுவில் உப்பிக்கொண்டு இட்லி மாதிரி இருந்தது. உச்சியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிச் சோதித்தார்கள். ஒரு சொட்டுத் தேங்கவில்லை. வைத்த குடமும் தேங்கவில்லை. உருண்டு தெருவுக்குப் போய்விட்டது. வேம்பையனுக்கு எல்லோரும் கைகொடுத்தார்கள்.

மாப்பிள்ளை வருகிற அன்றுதான் சட்டம் நிறுத்தும் வேலை. பொன்னுரங்கம் தாளைப் பார்த்துப் படித்தார். “வண்டி உள்ள நிக்கிறதா நினைச்சுக்கிட்டு வேலை செய்யணும்.”

“இல்லாத வண்டியை எப்படிண்ணே நினைக்கிறது? எனக்கு அவ்வளவு படிப்பு கிடையாது,” என்றான் குஞ்சிதபாதம்.

ஏகாம்பரம் ஃபிரேமைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “வண்டிக்குச் சக்கரம் நாலு. நாம நாலு பேர். இதுக்கு மேல என்ன வேணும்?”

நால்வரும் நான்கு மூலையில் நின்றார்கள். கதவு திறப்பதற்காக ஆளுக்கொரு கையை வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டார்கள். பொன்னுரங்கம் முன்சக்கரமாக நின்றார். மகள் உட்காரும் பக்கம் என்பதால் அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கால் மணி நேரம் வண்டி நன்றாகத்தான் நின்றது. வேலை மட்டும் நடக்கவில்லை.

“வெல்டிங் யாரு வைக்கிறது?” என்றார் பொன்னுரங்கம்.

“நான்தான்,” என்று குஞ்சிதபாதம் ஒரு அடி எடுத்து வைத்தான்.

“டேய், டேய்! சக்கரம் கழண்டா வண்டி குடை சாஞ்சிடும்டா!” என்று மற்ற மூவரும் கத்தினார்கள். அவன் பயந்துபோய்ப் பழைய இடத்தில் நின்றான்.

நல்லவேளையாகச் செங்கமலம் மோர்ப் பானையோடு வந்தாள். அவளை ஸ்டெப்னியாகப் போட்டுக்கொள்ளலாம் என்றார் ஏகாம்பரம். குஞ்சிதபாதம் வெல்டிங் வைக்கும்போது அவன் மூலையில் அவள் நின்றாள். வேம்பையன் குழாய் தூக்கும்போது அவன் மூலைக்கு ஓடினாள். அரை நாளில் அந்த ஸ்டெப்னி நாலைந்து மைல் ஓடியிருக்கும். “என்னங்க, அடுப்புல குழம்பு கொதிக்குது. சக்கரத்தைக் கொஞ்சம் சீக்கிரம் மாத்துங்க,” என்று கெஞ்சினாள் பாவம்.

வெயில் ஏறியது. பின்சக்கரங்கள் சூடு தாங்காமல் வேப்பமர நிழலுக்கு ஒரு அடி நகர்ந்தன. பின்சக்கரம் நகர்ந்தால் முன்சக்கரம் சும்மா நிற்க முடியுமா? வண்டி நகர நகரச் சட்டத்தையும் கூடவே நகர்த்தினார்கள். கடைசியில் ஷெட் வேப்பமரத்தடியில் எழும்பியது. வேம்பையன் போட்ட தரை இருபதடி தள்ளி வெயிலில் தனியாகக் கிடந்தது. தண்ணீர் தேங்காத இடமாயிற்றே என்று செங்கமலம் அதில் வடகம் பிழிந்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

பிறகு சுற்றித் தகரம் அடித்தார்கள். மூன்று பக்கம் முடிந்தது. நான்காவது பக்கத்தில் ஒரு சிக்கல் வந்தது.

“இது ஷட்டர் வைக்கிற பக்கமாச்சே?” என்றான் வேம்பையன்.

“ஷட்டர் மாப்பிள்ளை வந்தப்புறம்தான்.” பொன்னுரங்கம் தாளைத் தட்டிக் காட்டினார். “தகரத்துக்கு அப்படி எதுவும் சொல்லலை. அடி.”

உள்ளே நின்றபடியே கடைசித் தகரத்தையும் அடித்து முடித்தார்கள். ஷெட்டுக்குள் கும்மிருட்டாகிவிட்டது.

“ஒண்ணுமே தெரியலையேண்ணே.”

“வேலை சுத்தம்னு அர்த்தம்டா. ஒரு ஓட்டை இருந்திருந்தா வெளிச்சம் வந்திருக்கும்.”

பிறகு குஞ்சிதபாதம் மெதுவாகக் கேட்டான், “நாம இப்ப உள்ள இருக்கோமா, வெளிய இருக்கோமா?”

“உள்ளதான்,” என்றார் ஏகாம்பரம். “வண்டி உள்ள நிக்கணும்னு மாப்பிள்ளை சொன்னாரு. நாமதான் வண்டி. எல்லாம் சரியாத்தான் போய்க்கிட்டிருக்கு.”

பேட்டரி கார் சத்தமில்லாமல் வந்து நின்றது. உள்ளே இருந்தவர்களுக்கு முதலில் கேட்டது பொற்கொடியின் குரல். “அப்பா எங்கம்மா?” “அதோ, ஷெட் நிக்குதே, அதுக்குள்ள,” என்றாள் செங்கமலம்.

மாப்பிள்ளை ஷெட்டை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார். நான்கு பக்கமும் தட்டிப் பார்த்தார்.

“மாமா, வழி எங்க?”

“அதைத்தான் நீங்க வந்தப்புறம் வெச்சுக்கலாம்னு சொன்னீங்களே மாப்பிள்ளை. நல்லா இருக்கீங்களா?”

பிறகு மாப்பிள்ளையின் குரல் கேட்டது. “இது சரிப்பட்டு வராது. பொற்கொடி, வண்டியில ஏறு. நாம கிளம்பலாம்.”

பொன்னுரங்கம் தகரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு வருஷம் காத்திருந்து, ஒரு தகரத்துக்கு அந்தப் பக்கம் மகள். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. இங்கே மிளகாயும் இல்லை, சாக்குச் சொல்ல. அந்தத் துக்கத்தில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

“வண்டி உள்ள வரலேன்னா என்னடா? ஷெட் வண்டிகிட்டப் போகட்டும். தூக்குங்கடா!”

தூணுக்குத்தான் கான்கிரீட் போடவில்லையே. நால்வரும் நான்கு தூணைப் பிடித்துத் தூக்கினார்கள். ஷெட் வேப்பமரத்தடியிலிருந்து புறப்பட்டுத் தெருவுக்கு வந்தது. “அப்பா, கொஞ்சம் இடது பக்கம்… இன்னும்… நேரா வாங்க… மெதுவா!” என்று பொற்கொடி கையை ஆட்டி வழி சொன்னாள். அவளும் அந்த ஊரில் பிறந்தவள்தான். காருக்கு அருகில் வந்ததும் முன்பக்கத்தைத் தலைக்கு மேல் உயர்த்தி, கோழிமேல் கூடையைக் கவிழ்ப்பதுபோலக் காரின்மேல் ஷெட்டைக் கவிழ்த்தார்கள். முன்பக்கம் உயர்ந்த அந்த நேரத்தில் பொன்னுரங்கம் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டார். ‘என்ன இப்படி இளைச்சுட்டா’ என்று நினைத்தார். அப்படியே வெளியே வந்துவிடலாம் என்று மட்டும் நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கையில் வேலை இருந்தது.

மாப்பிள்ளைதான் ஒரு ஓரத்தைத் தூக்கிச் செங்கல்லை முட்டுக் கொடுத்து, நால்வரையும் ஒவ்வொருவராக வெளியே இழுத்துப் போட்டார். செங்கல்லுக்கு இப்படி ஒரு உபயோகம் இருப்பது வேம்பையனுக்கு அன்றுதான் தெரிந்தது.

“சரி மாமா. இப்ப ஷெட்டை எடுங்க. நான் கிளம்புறேன்.”

பொன்னுரங்கம் தாளை எடுத்தார். “ஷெட் இருந்தா பத்து நாள் தங்குறோம்னு சொன்னீங்க மாப்பிள்ளை. தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன். ஷெட் இருக்கு. வண்டியும் உள்ள இருக்கு.”

மாப்பிள்ளை ஷெட்டைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் முன்னமே இறக்கி வைத்திருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

பத்து நாளும் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. செங்கமலம் அடுப்பை அணைக்கவே இல்லை. மாப்பிள்ளைக்கு அந்த வடகம் பிடித்துப்போய்விட்டது. பொன்னுரங்கம் மில்லைப் பூட்டிவிட்டு மகளின் பின்னாலேயே திரிந்தார். ஒன்பதாம் நாள் ஷட்டர் வந்தது. எந்தத் தகரத்தைக் கழற்ற வேண்டும் என்று மாப்பிள்ளை சாக்கட்டியால் குறி போட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஷட்டரை வைக்கச் செய்தார். ஜல்லி வராததால் கான்கிரீட் மட்டும் நின்றுபோனது.

பதினோராம் நாள் நல்ல மதியத்தில் பயணம் சொல்லிக்கொண்டார்கள். பொன்னுரங்கம் மகளின் தலையைத் தடவிக்கொண்டே நின்றார். மாப்பிள்ளை ஷட்டரைத் தூக்கிவிட்டு வண்டியில் உட்கார்ந்தார். வெளியே பார்த்துவிட்டு ஒரு பேச்சுக்குச் சொன்னார், “அப்பா, என்ன வெயில்! ஷெட்டை விட்டு வண்டியை வெளிய எடுக்கவே மனசு வரல மாமா.”

சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டார். அதற்குள் பொன்னுரங்கம் வழியனுப்ப வந்திருந்த மற்ற மூவரையும் பார்த்துக் கண்ணைக் காட்டினார். மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டுவிட்டார். கேட்டதைச் செய்யாவிட்டால் என்ன மாமனார்? நால்வரும் உள்ளே புகுந்து தூணுக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டார்கள்.

கார் நகர்ந்தது. ஷெட்டும் நகர்ந்தது.

மாப்பிள்ளைக்கு முன்னால் ஷட்டர் வாசல் தெரிந்தது. அதற்கப்பால் வீடுகளைத் தாண்டி, வழியில் கிடக்கும் காய்ந்த ஏரி தெரிந்தது. இதோ வெளியே வந்துவிட்டோம் என்று நினைத்தார். வாசல் அதே தூரத்தில் இருந்தது. கொஞ்சம் வேகமாகப் போகலாம் என்றால் முன்னால் மாமனார் தூணைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். ஹாரன் அடித்தார்.

“என்னவாம் அத்தான்?” என்று பின்னாலிருந்து ஏகாம்பரம் கேட்டார்.

“வழி விடச் சொல்றாரு போல.”

“முன்னாடிதான் யாருமே இல்லையே?”

“அதானே.”

வலது பக்கத் தூண்களை வேம்பையனும் குஞ்சிதபாதமும் பிடித்திருந்தார்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டும் என்று விறுவிறுவென்று நடந்தார்கள். இடது பக்கம் பொன்னுரங்கம். அவருக்குக் கால் எழவில்லை. ஏரியைத் தாண்டி ஊர் எல்லை வந்துவிட்டால் மகள் போய்விடுவாள். ஒவ்வொரு அடியையும் இழுத்து இழுத்து வைத்தார். அவருக்குப் பின்னால் இருந்த ஏகாம்பரம் அவரை முட்டிவிடக் கூடாது என்று அதைவிட மெதுவாக வைத்தார். வலது பக்கம் விரைய, இடது பக்கம் தயங்க, ஷெட் ஏரிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் திரும்பிக்கொண்டே போனது. வாசல் போன பக்கமெல்லாம் மாப்பிள்ளை ஸ்டியரிங்கைத் திருப்பினார். வேறு வழி? பொற்கொடி ஏசியில் அயர்ந்து தூங்கிவிட்டாள். ஒரே புழுதி. எது கிழக்கு, எது மேற்கு என்று யாருக்கும் தெரியவில்லை.

பொழுது சாய்கிற நேரத்துக்கு ஷட்டர் வாசலில் ஒரு தெரு தெரிந்தது. தெருக்கோடியில் ஒரு வேப்பமரம். அதற்குப் பக்கத்தில் இட்லி மாதிரி ஒரு தரை. மாப்பிள்ளை வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

ஷெட் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்ட செங்கமலம் ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தாள்.

“வாங்க மாப்பிள்ளை, வாங்க, வாங்க! போன தடவை வந்தப்ப நல்லா இருந்தீங்க, இப்பக் கொஞ்சம் வாடிப் போயிட்டீங்களே! இந்தத் தடவையும் ஒரு பத்து நாள் இருந்துட்டுத்தான் போகணும், சொல்லிட்டேன்!”