பொந்து வழக்கும் பொறுக்கச் சொன்ன யானையும்

மலைக்காட்டு மருத மரத்தில் ஒரு பொந்து. அதற்குள் மரகதம் என்ற இருவாச்சிப் பறவை அடைகாத்துக்கொண்டிருந்தாள். தன் இனத்து வழக்கப்படி வாசலை மண்ணால் பூசி, அலகு நுழைய ஒரு சந்து மட்டும் விட்டிருந்தாள். இறகெல்லாம் உதிர்ந்துவிட்டதால் பறக்கவும் முடியாது. புருஷன் அலகப்பன்தான் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்டுவான்.

ஒருநாள் மலையணில் வந்து குதித்தான்.

"இது என் பொந்து! போன மழைக்கு நான்தான் குடியிருந்தேன்! சுவரை உடை!"

வழக்கு, காட்டில் தீர்ப்புச் சொல்லும் கரடியாரிடம் போனது. "பொந்து அணிலுக்கே! இன்றே சுவரை இடிக்கலாம்!" என்று சொல்லிவிட்டு அவர் தேன் தேடிக் கிளம்பிவிட்டார்.

சுவர் போனால் முட்டையும் போச்சு, மரகதமும் மரநாய்க்கு இரை! பறந்தான் பாருங்கள் அலகப்பன் ஆற்றங்கரைக்கு! கரடியார் தீர்ப்பை மாற்றும் அதிகாரம் பெரிய யானைக்கு மட்டும்தான் உண்டு. அணிலும் பின்னாலேயே ஓடினான்.

"பெரியம்மா! நீங்கதான் மறுபடி விசாரிக்கணும்!"

"விசாரிக்கிறேன். இப்போ ஆறு வத்திப்போச்சு, கூட்டத்தோட தண்ணி தேடிக் கீழ்க்காட்டுக்குப் போறேன். முதல் மழைக்குத் திரும்புவேன். அதுவரை தீர்ப்புக்குத் தடை! சுவரை யாரும் தொடக்கூடாது!"

அணிலுக்கு மூக்குக்கு மேல் கோபம். "ஜெயிச்சவன் நான்! நான் எதுக்குக் காத்திருக்கணும்?"

"நீ மறுபடி ஜெயிச்சா பொந்து அங்கேயேதான் இருக்கும், எடுத்துக்கோ. இன்னிக்கே இடிச்சுட்டு, நாளைக்கு அவன் ஜெயிச்சா? உடைஞ்ச முட்டையை நான் ஒட்டவைக்கவா?" என்றாள் யானை. பிறகு அலகப்பன் பக்கம் திரும்பினாள். "நீயும் கேளு! அவன் வீடில்லாம இருக்கான். தினமும் அவனுக்கு ஒரு கொத்து அத்திப்பழம் கொடு. நீ நிறுத்தினா என் தடையும் நின்னுபோகும்!"

அலகப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. "ஜெயிச்சாச்சு! ஜெயிச்சாச்சு!" என்று காடெல்லாம் கத்தினான். குரங்குகளுக்கும் மைனாக்களுக்கும் பழத்தை வாரி இறைத்தான். அணிலுக்கோ ஒன்றுமில்லை!

"தோத்தவனுக்கு என்ன பழம் வேண்டிக்கிடக்கு?"

மறுநாள் அணில், "பழமும் வரலை, தடையும் போச்சு!" என்று சுவரைக் கொறிக்கத் தொடங்கினான். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே மரகதம், தான் தின்ன வைத்திருந்த பழக்கொத்தைச் சந்து வழியே வெளியே தள்ளினாள்.

"அணில் அண்ணே, இந்தாங்க இன்னிக்குப் பங்கு! பல்லை எடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

அணில் பழத்தை வாயில் அடக்கிக்கொண்டு இறங்கினான். அப்போதுதான் அலகப்பன் வந்து சேர்ந்தான்.

"யோவ்! பெரியம்மா பொறுக்கத்தானே சொன்னாங்க? நீ ஜெயிச்சேன்னு யாரு சொன்னது? இன்னும் கொஞ்சம் போயிருந்தா நம்ம பிள்ளை போயிருக்கும்!" என்று உள்ளிருந்தே பிடித்துக்கொண்டாள் மரகதம்.

அலகப்பனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து தினமும் முதல் கொத்து அணிலுக்குத்தான்.

முதல் மழை வந்தது. யானையும் வந்தாள். இரு பக்கமும் கேட்டாள். மரத்தடி மண்ணைத் துதிக்கையால் கிளறினாள். அணில் முன்பு கொறித்துப் போட்ட கொட்டை ஓடுகள் குவியலாகக் கிடந்தன.

"கரடியார் சொன்னதே சரி! பொந்து அணிலுக்குத்தான்!"

"தோத்துட்டியே, அழலையா?" என்று கேட்டான் அணில்.

அலகப்பன் அண்ணாந்து பார்த்தான். உச்சிக் கிளையில் புது இறகோடு மரகதம். பக்கத்தில் தத்தித் தத்திப் பறக்கப் பழகும் குஞ்சு. சுவரை அவளே உடைத்து வெளியே வந்து இரண்டு நாளாகிறது.

"எதுக்கு அழணும்? உன் வீடு உனக்கு, என் பிள்ளை எனக்கு! இந்தா, பழம் சாப்பிடு!"

தடை என்பது யாருக்கும் வெற்றியல்ல. கடைசித் தீர்ப்பு வரும்வரை திருத்த முடியாத கேடு நேராமல் காப்பதே அதன் வேலை.